இருபத்தேழு ஃபெரி

பட்டர்வொர்த்தில் கயிறு அவிழும்போது ஒன்று.
ஜார்ஜ் டவுனில் கயிறு விழும்போது இரண்டு.
எனக்கு இப்படித்தான் மனத்தில் நின்றது.
பாடப்புத்தகத்தில் ஒரு கோடு இருந்தது,
தவழ்ந்து, திடீரென ஏறி, உச்சியில் தட்டையாகி,
பிறகு சரியும் கோடு.
அது பரீட்சையோடு போய்விட்டது.

மாதிரி எண் 417.
ஆயர் ஈத்தாம், செண்டோல் வண்டி, தேங்காய்ப்பால்.
எடுத்த நேரம் மதியம் மூன்று பத்து.
நீல மூடிப் பெட்டியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே
ஒன்றும் தெரியாததுபோல் வெள்ளையாக இருந்தது.

முதலில் ஒன்றும் நடப்பதில்லை.
புதுவீட்டுக்குக் குடிவந்தவள்
குழாயைத் திறந்து பார்ப்பாளே, அதுபோல:
இங்கே என்ன சர்க்கரை, அதை உடைக்க என்ன கத்தி
என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருக்கும்.
வெளியிலிருந்து பார்த்தால் தூக்கம்.
தூக்கமில்லை.

பிறகு நீளும்.
உள்ளே சுருண்டிருக்கும் ஒரே நூல் இரண்டாகி
ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கும்.
நடுவில் ஒரு இடுப்பு. இடுப்பில் ஒரு சுவர்.
சுவர் பிளந்து இரண்டு வீடு.
இதில் தாய் யார் என்று கேட்டால்
இரண்டும்தான். இரண்டுமில்லைதான்.
எடுத்துப் புதைக்க ஒரு உடல் மிஞ்சுவதில்லை.

என் கல்யாணத்தில் ஈப்போ பெரியப்பா
மைக்கைப் பிடுங்கி வாழ்த்தினார்,
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று.
எங்களுக்கு ஒருத்தி. அவளுக்கே பள்ளி வேன் காசு
மாதக் கடைசியில் மூச்சுத் திணறும்.
இதற்குப் பதினாறு பெற எண்பது நிமிடம்,
நான்கு ஃபெரி.
பெருவாழ்வில்தான் இடிக்கும்.
தின்ன இருந்தது தீரும், தான் விட்ட புளிப்பே தன்னைச் சுடும்,
பிறப்பும் இறப்பும் கொஞ்ச நேரம் சரிக்குச் சரி நிற்கும்.
இல்லாவிட்டால் இரண்டே நாளில்
கொடிமலை உச்சிவரை இதுதான் நிரம்பியிருக்கும்.

ரொஸ்னா ஊற்றிய தட்டில் பரப்பினேன்.
அகார் என்று நாங்கள் சொல்வது கடற்பாசிதான்,
நோன்பு மாதத்தில் சிவப்பும் பச்சையுமாய்
கட்டம் கட்டமாய் வெட்டி விற்பார்களே, அதே.
இது மட்டும் கருஞ்சிவப்பு. யாரும் தின்பதற்கில்லை.
முப்பத்தேழு டிகிரி, ஒரு ராத்திரி.
காலையில் கதவைத் திறந்தால்
தட்டு முழுக்கப் பொன்வண்டு முதுகு.
அழகு.
இந்த வேலையில் அதைச் சொல்லக்கூடாது.
முந்நூறைத் தாண்டினால் எண்ண வேண்டாம் என்பது விதி.
ஆனாலும் ஒரு ஓரத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு புள்ளியும் ஒற்றை ஒன்றாய் வந்து இறங்கியது.

நைனா முகம்மது கடிதத்தை மடித்து மடித்து
வியர்வையில் அது துணியாகியிருந்தது.
"முப்பது வருஷம், தங்கச்சி.
ஒருத்தருக்கும் வயிறு வலிச்சதில்ல."
சனிக்கிழமைகளில் எனக்கும் வலித்ததில்லை.
அதைச் சொல்லவில்லை.
"பால் எப்போ பிழியிறீங்க?"
"சுபுஹு தொழுதுட்டு, ஆறே காலுக்கு."

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு.
மூன்று பத்துவரை ஏறக்குறைய இருபத்தேழு ஃபெரி.
கடைசி வரியில் பதின்மூன்று கோடி,
இந்த நாட்டு ஜனத்தைப்போல் நாலு பங்கு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெகுநேரம் பார்த்தார்.
"இது ஆலோங் வட்டியில்ல?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது,
எனக்குத் தெரிந்ததைவிட நன்றாக.
"கொஞ்சம் கொஞ்சமாப் பிழியுங்க. மிச்சத்தைப் பனியில் வைங்க."
பதினான்கு நாள் மூடல். முத்திரை குத்தினேன்.

417ஐப் பைக்குள் போட்டுக் கட்டி
ஆட்டோகிளேவுக்குள் வைத்தேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
இன்னும் ஒருமுறை பிரியக்கூடப் போதாத நேரம்.

மாலை ஃபெரியில்
கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் நின்றேன்.
நடுக்கடலில் ஒரு அலை.
பிடித்துக்கொண்டேன்.